ஓராண்டெல்லை

எழுதியவர் வாய் திறக்கலாகாது என்பது அந்தக் கூட்டுப் பதிப்பகத்தின் விதிகளுள் மூத்தது. அச்சுக்குப் போகும் எந்த நூலும் முதலில் தலை முதல் கால் வரை வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். கூட்டாளிகள் நால்வரும் உடனிருந்து கேட்க வேண்டும். படித்து முடித்ததும் ஒவ்வொருவரும் ‘சம்மதம்’ என்றோ ‘மறுப்பு’ என்றோ ஒரே சொல்லில் தம் முடிவைக் கூற வேண்டும். மறுப்பு ஒன்றே விழுந்தாலும் நூல் நின்றுவிடும். அந்த நேரமெல்லாம் எழுதியவர், தம் பிள்ளையைப் பிறர் மடியில் கிடத்திவிட்டுப் பார்த்திருக்கும் தாயைப் போல, கதவோர முக்காலியில் பேசாதிருக்க வேண்டும். தலையசைப்பும் செருமலும்கூடப் பேச்சாகவே கொள்ளப்படும். கூட்டாளியே எழுதியவராக நேர்ந்தால், அன்றைக்கு அவருக்கு முடிவு சொல்லும் உரிமையும் இல்லை.

இவ்விதியை வகுத்தவர் உரைகாரர். பழைய பதிகங்களுக்கு உரை எழுதுவதால் வந்த பெயர் அது. பெற்றோர் இட்ட பெயர் வாடகை ஒப்பந்தத்தில் மட்டும் உயிர் வாழ்ந்தது. பதிப்பகம் தொடங்கிய புதிதில் ஒரு பயணநூலின் ஆசிரியர், வரிக்கு வரி குறுக்கிட்டு, “அதாவது நான் என்ன சொல்ல வர்றேன்னா” என்று ஒரு முழுப் பகலையும் தின்றுவிட்டார். அன்று மாலை உரைகாரர் சொன்னார்: “எழுதினவன் வாயைத் திறந்தா எழுத்து வாயை மூடிக்கும். கண்ணு மன்னிச்சு விட்டுடும், காது விடாது. காதுக்கு மட்டும் வேலை குடுப்போம்.” மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

மற்றவர்கள் என்போர் மூவர். உரைகாரரின் தங்கை, பக்கங்களைக் கணினியில் வடிவமைப்பவள். வாசிக்கும் குரலும் அவளுடையதே. அவள் கணவர், விற்பனையைக் கவனிப்பவர். உரைகாரருக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு உரைகாரர் மச்சான். மூன்றாமவர் மொழிபெயர்ப்பாளர் அம்மாள். ஓய்வுபெற்ற ஆசிரியை. நாவில் உப்பு சற்று மிகுதி.

அந்த உப்பு மிகுந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அவர் நெடுங்காலம் உழைத்து மொழிபெயர்த்த நாவல் ஒன்று படிக்கப்பட்ட நாளில், நகலெடுத்த கடையில் இரண்டு இயல்கள் இடம் மாறிவிட்டிருந்தன. இறந்தவன் மறு இயலில் திருமணம் செய்துகொண்டான். முக்காலியிலிருந்து அம்மாள் பதறி எழுந்தபோது, உரைகாரர் உள்ளங்கையை உயர்த்தி அவரை அமரச் செய்தார். முடிவில், “கதை முன்னுக்குப் பின் முரண். மறுப்பு” என்றார். உண்மை தெரிந்த பிறகும் சொன்ன சொல்லை அவர் திரும்பப் பெறவில்லை. ஒருமுறை வளைத்த விதி பிறகு நிமிராது என்றார். நாவல் வேறோரிடத்தில் வெளிவந்தது. அம்மாள் இங்கேயே இருந்தார்.

டயர் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில், பழைய கதவு ஒன்றைக் கிடத்திக் கால் பொருத்திய நீள மேசை. பின்னறையில் விற்காத நூல்களின் கட்டுகள், கூரையைத் தாங்குவன போல் அடுக்கப்பட்டிருக்கும். கீழே கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் மேசைமேல் தேநீர்க் குவளைகள் நடுங்கும். ஆகையால் வாசிப்பு நாளில் சன்னலைச் சாத்திவிடுவார்கள்.

உரைகாரர் உரை எழுதிக்கொண்டிருந்தது, பெயர் மறைந்துபோன ஒரு பெண்ணடியார் பாடிய பதிகத் திரட்டுக்கு. ஒரு சொல்லேனும் பேசு என்று இறைவனிடம் மன்றாடும் பாடல்கள் அவை. பாட்டுக்குப் பாட்டு அவள் கேட்கிறாள். பாட்டுக்குப் பாட்டு அவன் பேசாதிருக்கிறான். உரைகாரர் விடியலில் நீராடி, அன்றைய பாடலை வாய்விட்டுப் பாடி, அதன் பிறகே எழுதுகோலைத் தொடுவார். எழுதிய தாள் தங்கையிடம் போகும். அவள் அச்செழுத்தாக்கித் தருவாள். அது அவரிடம் திரும்பி வந்து, உழுத நிலம் போல் கீறலும் திருத்தமுமாக மீண்டும் அவளிடம் போகும். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அடுத்து அச்சேறுவது அதுவே என்று எல்லோரும் ஆண்டுதோறும் சொல்லிவந்தார்கள். அந்நூல் வெளிவரும் நாளில் தம் பிறவிக்கடன் தீரும் என்பது உரைகாரரின் நம்பிக்கை. வேறு ஆசை எதுவும் அவரிடம் இருந்ததாக எவரும் கண்டதில்லை.

இந்நிலையில் பல நகரங்களில் கடை வைத்திருந்த ஒரு விநியோக நிறுவனம், பதிப்பகத்தின் நூல்களையெல்லாம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியது. வரும் மூன்றாண்டுகளில் எவ்வாறு வளரப் போகிறார்கள் என்பதைக் கூட்டாளிகள் அனைவரும் ஒப்பிய ஒரு திட்டமாக எழுதித் தர வேண்டும். அவ்வளவே நிபந்தனை.

“மச்சான், எனக்குப் பேச வரும், எழுத வராது,” என்றார் மாப்பிள்ளை, மேசையைச் சுற்றி நடந்தபடி. “நான் எழுதினா மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும். நீங்க எழுதினாத்தான் பெரிய இடத்துல எடுபடும்.”

“புகழ்ச்சியெல்லாம் வேண்டாம், விஷயத்தைச் சொல்லுங்க.”

“அதானே, புகழ்ச்சிக்கு மயங்குற ஆளா நீங்க.”

உரைகாரர் புகழ்ச்சிக்கு மயங்காதவர். அப்படிச் சொன்னால் மட்டும் சற்று மயங்குவார். வெள்ளைத் தாளை நேராக வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்: சிறுவர் படநூல்கள், ஒலிநூல்கள், பள்ளி நூலகங்கள். உரைகாரர் அவற்றை ஒழுங்கான நடையில் ஏற்றிக்கொண்டே போனார். மளிகைச் சீட்டு மெல்ல மெல்ல மெய்க்கீர்த்தியாயிற்று.

“அப்புறம் ஒண்ணு. இழுத்துக்கிட்டே போற வேலை. ஒரு புத்தகத்தைத் தொட்டா ஒரு வருஷத்துல முடியணும். முடியலையா, விட்டுடணும். ஏற்கனவே தொட்டு நிக்கிறதுக்கும் அதேதான். எந்த மாசம் எது வரும்னு அவங்களுக்குத் தெரியணுமாம்.”

“நியாயந்தானே. அந்த மூலிகை அகராதிக்காரர் இன்னும் ‘க’வுலயே இருக்காரு.”

“அவரு ‘க’வைத் தாண்டுறதுக்குள்ள செடியெல்லாம் பட்டுப்போயிடும்,” என்று மாப்பிள்ளை சிரித்தார். பிறகு சற்று நின்று, “ஆனா மச்சான், ரொம்ப நல்ல வேலையா இருந்தா பார்த்துக்கலாம்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கங்க,” என்றார்.

“அது எப்படிச் சேர்க்கிறது? ரொம்ப நல்லதுன்னு யார் சொல்றது? இன்னைக்கு அகராதி நல்லதும்பீங்க, நாளைக்கு இன்னொண்ணும்பீங்க. விதியில ஓட்டை வச்சா அப்புறம் விதி ஒழுகி, ஓட்டைதான் மிஞ்சும்.”

“அப்ப எல்லாத்துக்குமா?”

“எல்லாத்துக்கும்.”

மாப்பிள்ளை அவரைச் சிறிது நேரம் பார்த்தார். அப்பார்வை எச்சரிக்கையா, இரக்கமா, வேலை எளிதாய் முடிந்த நிம்மதியா என்பதை அன்றும் பின்னும் யாரும் கேட்டறியவில்லை. “சரி மச்சான், உங்க இஷ்டம்,” என்று படியிறங்கிப் போனார்.

உரைகாரர் அந்த வாக்கியத்தை எழுதினார்: ‘ஓராண்டெல்லைக்குள் முற்றுப்பெறாத பணி, எத்துணை மேன்மையுடையதாயினும், கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும்.’ மனத்துக்குள் படித்துப் பார்த்தார். இடையில் உள்ள தொடர் அவரே சேர்த்தது. அது இல்லாவிடில் வாக்கியம் நொண்டியது. அது வந்ததும் யானை நடை நடந்தது. நிறைவோடு அடுத்த பத்திக்குப் போனார். அவருடைய இடது முழங்கையின் கீழேயே அவருடைய உரையின் திருத்தப் படிகள் கிடந்தன. அவை அவர் நினைவுக்கு வரவில்லை. தம் உரையை அவர் ஒருநாளும் பணி என்று எண்ணியதில்லை. அது வழிபாடு. வழிபாட்டுக்கு எல்லைக்கல் நடுவார் உண்டோ?

சனிக்கிழமைப் பிற்பகல் திட்டத்தை வாசிக்கக் கூடினார்கள். மாப்பிள்ளை சன்னலைச் சாத்தினார். உரைகாரர் நேரே முக்காலிக்குச் சென்றார்.

“என்ன அண்ணா, இது கதையா காவியமா? திட்டந்தானே. இங்க வந்து உக்காரு,” என்றாள் தங்கை.

“எழுதினது நான். எழுத்துன்னா எழுத்துதான்.”

“விடும்மா,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “உங்க அண்ணன் ராஜாவாப் பிறந்திருக்கணும். தேர்ச்சக்கரத்துக்கு ஓய்வே இருந்திருக்காது.”

மாப்பிள்ளை சிரித்தார். வழக்கமாக வாசிப்பு நடக்கையில் உறங்கி, முடிவில் விழித்து ‘சம்மதம்’ என்பவர் அவர். ‘எந்தப் புத்தகத்துக்கு’ என்று அம்மாள் கேட்பதும் வழக்கம். அன்று அவர் உறங்கவில்லை.

தங்கை வாசித்தாள். அவள் குரலில் எதுவும் ஒரு படி உயர்ந்துவிடும். சிறுவர் நூல்கள் வந்து போயின. பள்ளி நூலகங்கள் வந்து போயின. உரைகாரர் கண்களை மூடி, தம் சொற்கள் நடந்துவரும் அழகைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஓராண்டெல்லைக்குள் முற்றுப்பெறாத பணி...”

அவர் கண் திறந்தது.

“...எத்துணை மேன்மையுடையதாயினும்...”

கண் மன்னித்து விட்டுவிட்டதைக் காது பிடித்துவிட்டது. அகராதிக்காரருக்காக அவர் கட்டிய கூண்டுக்குள் யார் அமர்ந்திருக்கிறார் என்பது, அடுத்தவர் குரலில் அச்சொற்கள் வந்த அந்தக் கணத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. கீழே கம்ப்ரசர் நின்றது. தங்கையும் நிறுத்தியிருந்தாள். தாளிலிருந்து தலையை உயர்த்தி அண்ணனைப் பார்த்தாள். பாதியில் நின்றிருந்த அந்தப் பெரிய நூலின் ஒவ்வொரு பக்கமும் அவள் விரல் வழியே போனது. அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கும் புரிந்துவிட்டது. “படிம்மா,” என்றார் தணிந்த குரலில்.

“...கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும்.”

மீதியிருந்த பக்கங்களை உரைகாரர் கேட்கவில்லை. இறைவன் பேசாதிருப்பது அருளின் முதிர்வு என்றே இதுவரை உரை எழுதி வந்திருந்தார். இப்போது வேறொரு பொருள் தோன்றியது: அவனும் தான் வகுத்த விதி ஒன்றால் கதவோரம் அமர்த்தப்பட்டவனாக இருக்கலாம். அவள் கதறுவதெல்லாம் அவன் செவியில் விழுந்திருக்கலாம். இதை உரையில் சேர்க்க வேண்டும் என்று ஒரு கணம் எண்ணினார். மறுகணமே, எந்த உரையில் என்ற கேள்வியும் எழுந்தது.

வாசிப்பு முடிந்தது. மாப்பிள்ளை மேசையைப் பார்த்தபடி, “சம்மதம்,” என்றார்.

மொழிபெயர்ப்பாளர் உடனே சொல்லவில்லை. நாற்காலியை முக்காலியின் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

“ஐயா, நீங்க பேசக்கூடாது, தெரியும். நான் பேசலாமில்ல? என் நாவல் படிச்ச அன்னைக்கு நான் எந்திரிச்சேன். நீங்க கையைக் காட்டி உக்காரவச்சீங்க. அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு இயலும் அததோட எடத்துக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். இப்ப நீங்க பேசக்கூட வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்க. நான் மறுப்புன்னு சொல்லிடறேன். பெரிய கம்பெனி போனா போகட்டும். எனக்கென்ன, பென்ஷன் வருது.”

அது ஏளனம் இல்லை. அம்மாள் மெய்யாகவே சொன்னார். கண்களில் காத்திருப்பு இருந்தது. ஒரு தலையசைப்பு போதும். ஆனால் அந்தத் தலையசைப்பு இன்றைக்குச் சரியென்றால், அந்த அம்மாளின் பதற்றமும் அன்றைக்குச் சரியே. அவருடைய நாவலை வீழ்த்தியது பிடிவாதமன்றி நெறியன்று என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்வதாகும். உரைகாரர் அசையவில்லை. கழுத்து நரம்பு மட்டும் ஒருமுறை துடித்தது. அதையும் தலையசைப்பாக எடுத்துக்கொள்ள அம்மாள் ஒருகணம் முயன்றிருக்கக்கூடும். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

“சம்மதம்.”

எஞ்சியது தங்கை. ஒரு மறுப்பு போதும். அது இவளிடமிருந்து வந்தாலும் போதும். இவள் மூலமாக வந்தால் விதியும் சாகாது, உரையும் சாகாது. உடன்பிறந்தவளுக்குத் தெரியாதா? உரைகாரர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் தாள்களைத் தட்டிச் சேர்த்து, ஓரங்களை ஒழுங்கு செய்து, மேசைமேல் வைத்தாள்.

“சம்மதம்,” என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து சன்னலைத் திறந்தார். தெருவின் இரைச்சல் உள்ளே வந்தது. மொழிபெயர்ப்பாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றார்.

“இப்பப் பேசலாம் ஐயா, முடிஞ்சுபோச்சு. தவளை வாயைத் திறந்து கெட்டதும்பாங்க. வாயை மூடிக் கெட்ட தவளையை இன்னைக்குத்தான் பார்த்தேன்.” படியில் இரண்டடி இறங்கி, திரும்பாமலே சொன்னார்: “வருத்தமாத்தான் இருக்கு, போங்க.”

தங்கை பின்னறையில் நூல்கட்டுகளுக்கு இடையே நின்றிருந்தாள். உரைகாரர் உள்ளே போனார். இருவரும் நிற்கவே அங்கே இடம் போதவில்லை.

“ஒரு வார்த்தை,” என்றார். “ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம்.”

“அவங்க கேட்டாங்களே, தலையை ஆட்டினியா?”

“அவங்க வேற. நீ என் கூடப் பிறந்தவ.”

“அதான் சொல்லலை.”

அவள் ஒரு நூல்கட்டின் முடிச்சைப் பிடித்து இறுக்கினாள். ஏற்கனவே இறுகியிருந்த முடிச்சு அது.

“அண்ணா, உண்மையைச் சொல்லட்டுமா? அந்த வரியைப் படிச்சப்ப எனக்கு மூச்சு வந்துச்சு. தண்ணிக்குள்ள இருந்து தலையைத் தூக்கின மாதிரி. நாலாம் பாட்டுக்கு எத்தனை தடவை உரையை மாத்தினே? நீ மாத்துவே, நான் அடிப்பேன். அடிச்சு முடிச்சதும் பழையபடியே வச்சிடும்மா, அதுதான் சரியா இருந்துச்சும்பே. எனக்குக் கல்யாணமானப்ப ஆரம்பிச்சது இந்த வேலை. என் பொண்ணு காலேஜ் போறா. இன்னும் நீ பாதியிலதான் நிக்கிறே.”

“அது அவசரப்படுற வேலை இல்லம்மா. சாமி காரியம்.”

“சாமிக்கு வயசாகாது. எனக்கு ஆகுதே.”

உரைகாரர் பதில் சொல்ல வாயெடுத்தார். இப்போது அவரைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

“நீ முடிக்க மாட்டே அண்ணா,” என்றாள் அவள், இம்முறை கோபமின்றி. அதுதான் அவரை அதிகம் சுட்டது. “முடிச்சுட்டா அப்புறம் காலையில எந்திரிச்சு என்ன பண்றதுன்னு உனக்குப் பயம். எனக்கு அது ரொம்ப நாளாவே தெரியும். கேட்டா மனசு நோகுமேன்னு கேக்கலை.”

“இதுவரைக்கும் முடிஞ்சதை மட்டுமாவது ஒரு பாகமாப் போடலாமில்ல?”

“நீ எழுதினதுதானே, பாதிப் பணி கூடாதுன்னு?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினிக்குத் திரும்பினாள். திட்டத்தைச் செவ்வனே வடிவமைத்து அன்றே அனுப்ப வேண்டியிருந்தது. மெய்ப்புத் திருத்த அங்கே வேறு ஆள் இல்லை. உரைகாரர் வந்து பக்கத்தில் அமர்ந்து, ஓர் எழுத்தும் தப்பாமல் திருத்திக் கொடுத்தார். அந்த வரிக்கு வந்தபோது அவர் எழுதுகோல் நிற்கவில்லை. அதில் திருத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை.

பதிப்பகம் வளர்ந்தது. டயர் கடைக்காரர் விட்டுக்கொடுத்த இன்னொரு அறையும் சேர்ந்தது. படநூல்கள் குறித்த மாதத்தில் வெளிவந்தன. தங்கைக்கு உதவியாக ஒரு பெண் அமர்த்தப்பட்டாள். தங்கை மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போகத் தொடங்கினாள்; முன்னைப் போல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பதில்லை. அதை உரைகாரர் கவனித்தார். கவனித்தவருக்கு, மகிழ்வதா நோவதா என்று தெரியவில்லை. அண்ணனும் தங்கையும் தேவையானவற்றைப் பேசிக்கொண்டார்கள். அடுத்த நூல், அடுத்த மெய்ப்பு, மழை.

விடியலில் அவர் இப்போதும் நீராடினார், பாடினார். பாடி முடித்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அமர்ந்திருந்துவிட்டு, வேலைக்குக் கிளம்பினார்.

ஒரு நாள் மாப்பிள்ளை, விநியோக நிறுவனம் கூட்டிய கூட்டத்துக்குப் போய்விட்டு, படிகளை இரண்டிரண்டாக ஏறிவந்தார்.

“மச்சான், விஷயம் தெரியுமா? நம்ம திட்டத்தை அங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாங்க. இத்தனை பதிப்பகம் குடுத்ததுல இப்படி ஒரு எழுத்தே வரலையாம். யாரு எழுதினதுன்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கூட்டாத்தான் எழுதினோம்னு சொன்னேன். அப்படித்தானே சொல்லணும்? தனிப்பேரு போடுற வழக்கம் நமக்கு இல்லையே.” மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். “அதுல ஒரு வரி. அதை அப்படியே எடுத்து, அவங்களோட சேர்ற எல்லாப் பதிப்பகத்துக்கும் விதியா வைக்கப் போறாங்களாம். இனிமே எந்தப் பதிப்பகம் கையெழுத்துப் போட்டாலும் அந்த வரிக்குக் கீழதான் போடணும்.”

“எந்த வரி?” என்று உரைகாரர் கேட்டார்.

மாப்பிள்ளை எழுதத் தெரியாதவர். வாசிப்பின்போது உறங்கிப் பழகியவர். ஒரு பாட்டின் இரண்டடியைக்கூடச் சேர்ந்தாற்போல் சொல்ல மாட்டாதவர். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பது போல் நிமிர்ந்து அமர்ந்து, தாள் எதையும் பாராமல், “ஓராண்டெல்லைக்குள் முற்றுப்பெறாத பணி, எத்துணை மேன்மையுடையதாயினும், கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும்,” என்றார்.

நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி, ஓர் அசையும் சிதையாமல் சொன்னார். தாம் எழுதிய ஒன்றை இன்னொருவர் மனப்பாடமாகச் சொல்ல உரைகாரர் கேட்டது அதுவே முதல்முறை.